உள்ளூர்த் தொழிலாளர்கள்

நோட்டீசுல இருக்கற வீடு நான் கட்டுனதுங்க. ஆமா, நீங்க கையில வெச்சிருக்கறதேதான். அந்தப் படத்துக்குக் கீழ ஒரு பேரு போட்டிருக்குதே, அது என்ற சித்தாளு பேரு. வீடு என்றது, பேரு அவளது. இது என்ன நியாயம்னு நீங்களே சொல்லுங்க.

பஸ் ஸ்டாண்டுல குடுத்தாங்களா? எனக்கும் நீட்டுனாங்க, வேண்டாம்னுட்டேன். அதுல இருக்கறதெல்லாம் எனக்குப் படிக்காமயே தெரியும். வெயில் தாங்கும் கட்டடம், வர்ற ஞாயித்துக்கிழமை, கொழிஞ்சிக்காடு, சூரிய அடுப்பு, சாண எரிவாயு, மண் கல் செய்முறை, அனைவரும் வருக. செய்முறை விளக்கம் துளசிமணி. கொட்டை எழுத்துல துளசிமணி. ஒம்பது வருசம் எங்கிட்ட சாந்துச்சட்டி தூக்குனவ.

நீங்க பழனிக்கா? அப்ப நேரம் இருக்குது. நான் முன்னாலயே எறங்கோணும். கேளுங்க, யாருகிட்டயாவது சொன்னாத்தான் நெஞ்சு ஆறும்.

என்ற பேரு திருமூர்த்தி. எங்க மலையில இருக்கற சாமி பேருதான். உடுமலைச் சுத்துவட்டாரத்துல திருமூர்த்தி மேஸ்திரின்னு கேட்டுப் பாருங்க, சொல்லுவாங்க. இருவத்தாறு வருசமாச் சுவரு எழுப்பறேன். ஒரு சுவரு கோணுச்சுன்னு எனக்கு ஆகாதவன் கூடச் சொன்னதில்ல.

ரெண்டு வருசத்துக்கு முந்தி, மாசி மாசம், மேகலா மேடம்னு ஒருத்தங்க கோயமுத்தூர்ல இருந்து என்னையத் தேடீட்டு வந்தாங்க. ஆர்க்கிடெக்ட். பேங்குல இருந்து ரிட்டையர் ஆன ராமபத்ரன் சாருக்கு மலைக்குப் போற ரோட்டுல ஒரு வீடு கட்டறாங்களாம். சுடாத மண் கல்லுல கட்டோணும், சுவத்துக்குப் பூச்சு கிடையாது, மேல தகடு வெச்சு வெயில்ல கரண்டு எடுக்கோணும், ஏசி இல்லாமயே வீடு குளுகுளுன்னு இருக்கோணும். எனக்கு முன்னால மூணு மேஸ்திரிககிட்டக் கேட்டிருக்காங்க. மூணு பேரும் சிரிச்சுட்டுப் போயிட்டாங்க. எனக்கும் சிரிப்புத்தான் வந்துது. இந்தக் காலத்துல மண்ணுல வீடு கட்டுனான்னு நாலு பேரு பேசுவாங்களேன்னு இருந்துது. ஆனா அந்த வருசம் வேலை சரியா இல்லீங்க. சரின்னுட்டேன்.

அந்தக் கல்லு எப்படின்னா, அங்கயே தோண்டுன மண்ணைச் சலிச்சு, மணலும் கொஞ்சம் சிமெண்டும் போட்டுக் கலக்கி, மிஷின்ல கொட்டிக் கைப்பிடியைப் புடிச்சு அழுத்துனா கல்லா வந்து நிக்கும். சூளை வேண்டாம், விறகு வேண்டாம், பொகை இல்ல. கேக்கறதுக்கு நல்லாத்தான் இருக்குது. மேடம் ஒரு காயிதத்துல அளவு எழுதிக் குடுத்தாங்க. அப்படியே போட்டு முந்நூறு கல்லு அடிச்சோம். மூணாம் நாளு பாத்தா அத்தனையும் வெடிச்சுக் கெடக்குது, கோடையில கொளம் வெடிக்குமே, அந்த மாதிரி. மறுக்கா அடிச்சோம். மறுக்கா வெடிச்சுது. மூணாவது தடவையும் அதே கதைதான்.

மேடத்துக்கு மொகம் செத்துப் போச்சு. ராமபத்ரன் சாரு, இதெல்லாம் வேண்டாம், செங்கல்லுலயே கட்டிரலாம்னு பேச ஆரம்பிச்சுட்டாரு. வேலை கையை விட்டுப் போறாப்பல இருக்குது. அன்னைக்கு மத்தியானம் சோத்துக்கு உக்காந்திருக்கறப்ப இந்தத் துளசிமணி ஒரு புடி மண்ணை எடுத்துத் தண்ணி தொட்டு உருட்டி, நின்னவாக்குல கீழ போட்டா. உருண்டை உடையாம அப்படியே சப்பையா ஒட்டிக்கிச்சு. மேஸ்திரி, இதுல களிமண்ணு நெம்பச் சாஸ்தி, இன்னும் மணலு வேணும், உருண்டை நாலஞ்சு துண்டா உடையற வரைக்கும் சேக்கோணும்னா. அப்பறம், அடிச்ச கல்லை அன்னைக்கே வெயில்ல வைக்கக் கூடாது, நெழல்ல அடுக்கி ஈரச்சாக்குப் போட்டு மூடி நெதமும் தண்ணி தெளிக்கோணும்னா. இல்லீன்னா மேல காஞ்சு உள்ள காயாம வெடிக்குமாமா. அவ சின்னதுல செங்கச் சூளையில கெடந்தவ. அதுல எங்கயோ பாத்திருப்பா.

சரி, பண்ணிப் பாப்பம்னு நான் சொன்னேன். நான் சொன்னதுனாலதான் பண்ணுனாங்க. அவ சொன்னா யாரு பண்ணுவாங்க? ஒரு விசயம் நல்லாக் கேட்டுக்குங்க. யோசனை யாரு வேணாலும் சொல்லலாம். ரோட்டுல போறவன் கூடச் சொல்லுவான். அதை எடுத்துச் செய்யலாம்னு முடிவு பண்ணி, கெட்டுப் போனா என்ற தலைன்னு நிக்கறான் பாருங்க, அவனதுதானுங்க வேலை.

கல்லு நின்னுது. ஒண்ணு வெடிக்கல. மேடம் ஒரு கல்லை எடுத்து இன்னொண்ணுல தட்டிப் பாத்தாங்க, டங்குன்னு சத்தம். பச்சைக் கொழந்தையாட்டச் சந்தோசப்பட்டாங்க. யாரு மேஸ்திரி கண்டுபுடிச்சதுன்னு கேட்டாங்க. நாந்தானுங்க மேடம்னேன். துளசிமணி பக்கத்துலதான் சட்டி தூக்கீட்டுப் போனா. ஒண்ணும் சொல்லல. அவ சொல்றதுக்கு அதுல என்ன இருக்குது?

நோட்டீசுல இருக்கற அந்த வீட்டைப் பதினோரு மாசம் உசுரைக் குடுத்துக் கட்டுனனுங்க. பூச்சு இல்லாத சுவருன்னா ஒரு வரி கோணுனாக் கூட வெளிய தெரியும், மறைக்க முடியாது. கூரையில கான்கிரீட்டுக்கு நடுவால மண் சட்டி கவுத்து வெச்சுப் போட்டது. மேல தகடு மாட்டுனவன் கம்பெனிக்காரன், ரெண்டே நாளு வேலை, மாட்டீட்டுப் போயிட்டான். பங்குனி வெயில்ல வெளிய முப்பத்தொம்பது டிகிரி நிக்கறப்ப உள்ள முப்பத்தொண்ணு. காத்தாடி போடாமயே. என்ற வீட்டுல, சிமெண்டுச் சீட்டுக்குக் கீழ, அதே நேரத்துல உக்காந்து பாருங்க, மூளை வெந்து போகும். வீடு முடிஞ்சு ஒருக்கா என்ற வீட்டுக்காரியக் கூட்டீட்டுப் போய்க் காட்டுனேன். சுவத்துல கன்னத்தை வெச்சுப் பாத்துட்டு, நம்முளுக்கும் இப்படிக் கட்டுனா என்னங்கன்னா. மண்ணு வீட்டுல இருக்கறதுக்கா நான் மேஸ்திரி ஆனேன்னு அதட்டிக் கூட்டியாந்துட்டேன்.

அந்த வீட்டைத்தான் போன பங்குனியில ஊருக்குத் திறந்து காட்டுனாங்க. ஒரு ஞாயித்துக்கிழமை. பசுமைக் கட்டடத் திருநாள்னு பேரு. கோயமுத்தூர்ல இருந்து மூணு வேனு, காலேஜுப் புள்ளைங்க, டாக்டருங்க, ஏதோ சங்கத்துக்காரங்க, எல்லாரும் துணிப்பையும் தொப்பியுமா. பந்தல் போட்டு மைக்கு வெச்சு, கம்பங்கூழு, தெனையில பாயசம். மேடம் மொத நாளே போன் பண்ணி, மேஸ்திரி, ஒம்பது மணிக்கு வந்துருங்க, வீட்டுக்காரங்களையும் கூட்டியாங்கன்னாங்க. இதுக்கு என்னங்க அர்த்தம்? மேடைக்குக் கூப்பிடுவாங்கன்னுதானுங்க அர்த்தம். நான் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டீட்டுப் போனேன். என்ற வீட்டுக்காரி கல்யாணப் பட்டைக் கட்டியிருந்தா.

வாசல்ல ஒரு பலகை. பெருசு, ஆளு ஒசரத்துக்கு. வடிவமைப்பு மேகலா. ஆலோசனை ஒரு புரொபசரு. சூரிய மின்சாரம் அந்தக் கம்பெனி. தோட்டம் ஒரு அம்மா. போட்டோ எடுத்தவன் பேரு. பலகைக்கு வர்ணம் அடிச்சு எழுதுனவன் கூட மூலையில சின்னதாத் தம்பேரை எழுதீட்டுப் போயிருக்கறான். அத்தனைக்கும் கீழ கடைசி வரி, கட்டுமானம் உள்ளூர்த் தொழிலாளர்கள்.

உள்ளூர்த் தொழிலாளர்கள்னா யாருங்க? நானா? டீக்கடைக்காரனா? எதுத்தாப்பல தேங்காய் உரிக்கறவனா? பதினோரு மாசம் அந்தச் சுவத்தோட நின்னவனுக்கு ஒரு பேரு இல்லாமயா போச்சு? நான் ரெண்டு தடவை படிச்சேன். என்ற வீட்டுக்காரி பக்கத்துல நின்னு என்னையவே பாத்துட்டு இருக்கறா. அவளுக்குப் படிக்கத் தெரியுமுங்க, எட்டாவது வரைக்கும் போயிருக்கறா.

சரி, மேடையில சொல்லுவாங்கன்னு பொறுத்தேன். உள்ள மேடம் கூட்டத்தை நிறுத்திச் சுவத்தைத் தொட்டுக் காட்டிச் சொல்லீட்டு இருந்தாங்க. மூணு தடவை கல்லு வெடிச்சுதாமா. பல சோதனைக்கு அப்பறம் நாங்க சரியான கலவையைக் கண்டுபுடிச்சமாமா. நாங்களாமா. எனக்குக் காது ரெண்டும் சுட்டுப் போச்சு. கூட்டத்தை வெலக்கீட்டு முன்னால போனேன், மேடம் என்னையப் பாத்தாச் சொல்லீருவாங்கன்னு. அதுக்குள்ள நெஞ்சுல அட்டை குத்துன ஒரு புள்ளை வந்து, அண்ணா, வேனு வழிய மறைக்குது, சித்த நகத்தச் சொல்றீங்களான்னா. போனனுங்க. என்ன பண்றது, இத்தன வருசம் சொன்ன வேலையச் செஞ்ச காலு, தானாப் போயிருச்சு. வேனை நகத்தீட்டு வந்து பாத்தாப் பந்தல் ரொம்பிப் போச்சு, உக்கார எடமில்ல.

பொறவு சூரிய அடுப்புக்கிட்ட மேடம் தனியா நின்னாங்க. அந்த அடுப்புல காத்தாலிருந்து அரிசி கெடக்குது, பன்னெண்டு மணிக்கும் வேகல, அதைச் சொல்ல ஆளில்ல. நான் போய்க் கேட்டேன். மேடம், பலகையில என்ற பேரு இல்லீங்களேன்னு, மருவாதியாத்தான் கேட்டேன். அவங்க ஒரு மாதிரி ஆயிட்டாங்க. அப்பறம் எந்தோளைத் தொட்டு, “தப்பா நினைக்காதீங்க மேஸ்திரி. வீடு பத்துப் பேரு சேந்து கட்டுனது, யாரு பேரை எழுதி யாரு பேரை விடறது? இப்படிக் கட்டலாம்னு முடிவு பண்றதுதான் இதுல பெரிய வேலை”ன்னாங்க.

கேட்டீங்களா? முடிவு பண்றதுதான் வேலையாமா. அப்பக் கை வெச்சவன்? வெயில்ல நின்னவன்? அவன் இல்லாம அவங்க முடிவு காயிதத்துல இருந்திருக்கும், மழை வந்தா நனைஞ்சிருக்கும். படிச்சவங்க புத்தி இப்படித்தானுங்க. அடுத்தவன் உழைப்பை எடுத்துக்கறது, கேட்டா அதுக்கு ஒரு நியாயம் வெச்சிருக்கறது. வெக்கமே இருக்காது.

மத்தியானம் யாரு வேணாலும் கேள்வி கேக்கலாம்னு மைக்கைக் கூட்டத்துக்குள்ள விட்டாங்க. நான் வாங்கிட்டேன். நான் கேள்வி கேக்கல. என்ற பேரு திருமூர்த்தி, இந்த வீட்டைக் கட்டுனது நாந்தான், அந்தக் கல்லுக்குக் கலவை கண்டுபுடிச்சதும் நாந்தான்னு சொன்னேன். கை தட்டுனாங்க. நல்லாத் தட்டுனாங்க. அத்தோட உக்காந்திருந்தா என்ற விதி வேற. கண்ணாடி போட்ட ஒரு டாக்டரம்மா எந்திரிச்சு, எப்படீங்க கண்டுபுடிச்சீங்க, சித்த செஞ்சு காட்டுங்களேன்னாங்க.

மண்ணும் மிஷினும் ஓரமா இருந்துது, கூட்டத்துக்கு அடிச்சுக் காட்டறதுக்கு. அங்க நின்னது யாருன்னா துளசிமணிதான். கல்லு அடிக்கறதுக்கு அவளையும் வரச் சொல்லியிருந்தாங்க. நான் போய் ஒரு புடி மண்ணை எடுத்தேன். தண்ணி தெளிச்சேன். உருட்டுனேன். ஊரே வட்டமா நிக்குது, செல்போனு அத்தனையும் எங்கையப் பாத்துட்டு நிக்குது. போட்டேன். மாவாட்டப் பொலபொலன்னு உதிந்து போச்சு. தண்ணி பத்தலீன்னு இன்னும் கொஞ்சம் ஊத்தி மறுக்காப் போட்டேன். சொத்துன்னு ஒட்டிக்கிச்சு. யாரோ சிரிச்சாங்க. சின்னச் சிரிப்புத்தான்.

துளசிமணி வந்தா. மண்ணை அள்ளுனா, வெரல் நுனியில தண்ணியச் சுண்டுனா, உருட்டுனா, இடுப்பு ஒசரத்துல இருந்து விட்டா. நாலு துண்டு. எண்ணி நாலு. கூட்டம் தட்டுச்சு பாருங்க, எனக்குத் தட்டுனதை விடச் சாஸ்தி. அந்த டாக்டரம்மா உங்க பேரு என்னங்கன்னு அவகிட்டக் கேட்டாங்க. பேரைச் சொன்னா. நான் சும்மா இருக்கலாமுங்களா? என்ற ஆளுதானுங்க, நான் சொல்லிக் குடுத்ததுன்னேன்.

அவ மண்ணு ஒட்டுன கையைச் சீலையில தொடைச்சுட்டு என்னையப் பாத்தா.

“இல்லீங்க மேஸ்திரி. அது நாஞ் சொன்னதுங்க.”

அவ்வளவுதான். ஒரே வார்த்தை. ஒம்பது வருசத்துல எங்கிட்ட எதுத்து ஒரு வார்த்தை பேசாதவ, நாலு ஊரு சனத்துக்கு முன்னால. நான் தூக்கி விட்டவ. சூளையில கெடந்தவளைக் கட்டட வேலைக்குக் கூட்டியாந்தது நானு. அவ புருசன் செத்தப்ப மூணே நாள்ல வேலைக்குக் கூப்பிட்டுச் சோறு போட்டது நானு. எப்படி வந்துது அந்த வாயி? யாரு ஏத்தி விட்டாங்க? இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியலீங்க.

மேடம் ஓடி வந்து பேச்சை மாத்துனாங்க. நான் வண்டியை எடுத்துட்டுக் கெளம்பீட்டேன். பின்னால என்ற வீட்டுக்காரி உக்காந்திருந்தா. கால்வாய்ப் பாலத்துக்கிட்ட வந்து, உங்க பேரைப் போடலீன்னு உங்குளுக்கு எப்படி இருந்துது, அப்படித்தான அவளுக்கும் இருந்திருக்கும்னா. வண்டியை நிறுத்தி எறக்கி விட்டுட்டேன். ஆமாங்க, பாலத்து மேல. பஸ்ஸுல வந்து சேந்தா. வீட்டுக்குள்ளயே எதிராளி இருந்தா மனுசன் என்ன பண்ணுவான்?

துளசிமணியை வேலைக்கு வராதேன்னு நான் சொல்லல. அதை யாரும் சொல்ல முடியாது. மறுநாள் வந்தா, இன்னைக்கு வேலை இல்லைன்னேன். அதுக்கு மறுநாளும் வந்தா, அதேதான் சொன்னேன். வேலை நடந்துட்டு இருக்குது, அவளுக்கு எதுத்தாப்பலயே வேற சித்தாளு சட்டி தூக்கறா. அஞ்சாம் நாளு வரல. அவளாத்தான் நின்னுக்கிட்டா.

ஆடியில மேகலா மேடம் மறுக்காக் கூப்பிட்டாங்க. மனசுல வெச்சுக்காதீங்க மேஸ்திரி, ஒரு ஊருல வாசகசாலை, மண் கல்லு, நீங்கதான் கட்டோணும்னாங்க. இந்தத் தடவை பலகையில உங்க பேரு உண்டுன்னு அவங்களாவே சொன்னாங்க. போனேன். அந்த ஊரு மண்ணு வேற மாதிரி, செவப்பு, உப்புப் பூத்த மண்ணு. நான் உருண்டை போட்டுப் பாத்தேன், உடைஞ்ச மாதிரித்தான் இருந்துது. நாலு துண்டா, ஆறு துண்டான்னு எண்ணீட்டா இருக்க முடியும்? கல்லு வெடிக்கல. சுவரு நேரா நின்னுது. ஐப்பசியில மழை புடிச்சுது பாருங்க, நாலு நாளு விடாம. தெக்கு மூலை சக்கரைக்கட்டியாட்டக் கரைஞ்சு எறங்கிருச்சு. உள்ள யாரும் இல்ல, அது சாமி புண்ணியம். மேடம் வந்து கரைஞ்ச கல்லை எடுத்துப் பாத்துட்டு, முழுசாப் பிரிச்சுருங்கன்னாங்க. கோவமாக் கூடச் சொல்லல. பிரிச்சுட்டு நிக்கறப்பக் கேட்டாங்க, அந்தம்மா எங்க மேஸ்திரி, அவங்களக் கூட்டீட்டு வந்து பாக்கலாம்லன்னு.

அந்தம்மாவாமா. அவங்களாமா.

எட்டாயிரம் கல்லு மண்ணா... சரி விடுங்க. அப்பறந்தான் எனக்குச் சேதி வந்துது. துளசிமணி அவ ஊருல, இந்தக் கொழிஞ்சிக்காட்டுல, ஏழு பொம்பளைங்களைச் சேத்துட்டு மண் கல்லு அடிக்கறா. மகளிர் குழுவுக்கு ஒரு கட்டடம். மேல வெயில் தகடு, ஓட்டு மேல விழுகற தண்ணி தொட்டிக்குப் போறாப்பல, எல்லாம் மேகலா மேடம் வரைஞ்சு குடுத்தது. ராமபத்ரன் சாரு வீட்டுல சும்மா கெடந்த மிஷினைத் தூக்கி இவகிட்டக் குடுத்துட்டாரு. எல்லாருங் கூட்டு.

போன மாசக் கடைசியில நானே போனேன். ஒம்பது வருசத்துல அவ வீட்டுக்குப் போனதில்லீங்க, எனக்கு அங்க என்ன வேலை? ஊருக்குள்ள கேட்டுக் கேட்டுத்தான் போனேன். மன்னிச்சு விட்டுட்டேன், திரும்ப வந்துருன்னு சொல்லத்தான் போனேன். பெரிய மனசு பண்ணித்தான் போனேன். அவ மிஷினுக்கிட்ட நின்னுட்டு இருந்தா. என்னையப் பாத்ததும் கையைக் கழுவீட்டு வந்து நாற்காலியை எடுத்துப் போட்டா. ஒரு பொண்ணை விட்டு டீ போட்டுட்டு வரச் சொன்னா. வீட்டுல அக்கா நல்லா இருக்காங்களான்னு கேட்டா. நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். சட்டி தூக்க வேண்டாம், கலவை மட்டும் பாத்துக்கன்னேன். இதை விட ஒரு மேஸ்திரி எறங்கி வர முடியுமுங்களா?

அதுக்கு அவ சொன்னா.

“நான் அங்க வரலீங்க மேஸ்திரி. நீங்க இங்க வாங்க. எங்குளுக்குச் சுவரு எழுப்பத் தெரிஞ்ச ஆளு இல்ல.”

நல்ல மனசோடதான் சொன்னா, நக்கல் இல்ல, அதைச் சொல்லோணும். அதுதானுங்க எனக்குப் பொறுக்கல. நக்கலாச் சொல்லியிருந்தா நாலு வார்த்தை கேட்டுட்டு வந்திருப்பேன். சித்தாளு கொத்தனாரை வேலைக்குக் கூப்பிடறா, நாற்காலி போட்டு. ஏழு பொம்பளைங்களும் வேலையை நிறுத்தீட்டுப் பாக்கறாங்க. டீ வந்துது, தொடல. எந்திரிச்சு வந்துட்டேன்.

வர்றப்ப அந்தச் சுவத்தைப் பாத்தேன். பாக்காம வந்திருக்கோணும். கண்ணு கேக்கலீங்க. கல்லு நல்ல கல்லு, பட்டுக் கத்திரிச்ச மாதிரி முனை. ஆனா வாசக்காலுக்கு மேக்குப் பக்கம் பத்து வரி எழுப்பியிருக்கறாங்க, அஞ்சாவது வரியிலயே வெளிய தள்ளீருச்சு. ஒரு விரக்கடை. அவங்களுக்குத் தெரியல. நான் சொல்லல. போகட்டும், விழுகட்டும், அப்பத் தெரியும் மேஸ்திரின்னா யாருன்னுட்டு, வாயை மூடீட்டுப் பஸ் ஏறிட்டேன்.

பதினாறு நாளாச்சு. சோறு எறங்கலீங்க. சாப்புட உக்காந்தா அந்த ஒரு விரக்கடை கண்ணுல நிக்குது. நேத்து அந்த ஊருக்காரன் ஒருத்தனைச் சந்தையில பாத்தேன். சுவரு தலை மட்டத்துக்கு வந்துருச்சாமா, வெள்ளிக்கிழமை மேல மரம் ஏத்தறாங்களாமா, ஞாயித்துக்கிழமை ஊருச் சனம் பூராம் அதுக்குள்ளதான் உக்காருமாமா. பால்வாடிக் கொழந்தைகளைக் கூட்டீட்டு வந்து முன்னால உக்கார வைக்கறாங்களாமா, பாட்டுப் பாட. பால்வாடிக் கொழந்தைகளுங்க. அந்தச் சுவத்துக்குக் கீழ. கூரைக் கனம் ஏறுனா அது என்னாகும்னு அவங்கள்ல ஒருத்திக்குத் தெரியுமா? மேடத்துக்குத் தெரியுமா? வரைஞ்சு குடுத்துட்டுப் போயிட்டாங்க, அவங்களுக்கென்ன.

காத்தால கெளம்பறப்ப என்ற வீட்டுக்காரி சோத்தைக் கட்டிக் கையில குடுத்தா. ரெண்டு நாளைக்கு வேணுங்கற துணியும் பைக்குள்ள வெச்சிருக்கறா, நான் சொல்லவே இல்ல.

வேலைக்குப் போறேன்னு நெனைச்சுக்காதீங்க. அவ கூப்பிட்டதுக்குப் போறேன்னும் நெனைச்சுக்காதீங்க. அந்த அஞ்சாவது வரி வரைக்கும் பிரிச்சு நேராக்கிக் குடுத்துட்டு நான் வந்துட்டே இருப்பேன். பிரிக்கறதுக்கு ஒத்துக்குவாளோ என்னமோ, இப்பத்தான் பெரிய ஆளு ஆயிட்டாளே, பேரு வேற அச்சுல வந்துருச்சு. ஒத்துக்கலீன்னா அங்கயே சத்தம் போடுவேன், ஏழு பேரு இருந்தாலும் சரி, எழுவது பேரு இருந்தாலும் சரி.

இதா, அடுத்தது கொழிஞ்சிக்காடுதான். அந்தப் பையச் சித்த எடுத்துக் குடுங்க. பாத்து, கனமா இருக்கும், இரும்புச் சாமானுங்க உள்ள இருக்குது.

மண்ணு அவளுக்குத் தெரியுமுங்க. அதை நான் எப்பவாச்சும் இல்லீன்னு சொன்னனா? சுவருதான் தெரியாது.